உப்பு அளவு

எல்ஜின் பாலத்துக்குக் கீழே, மூன்றாவது படி.
வேலையில் சேர்ந்த இரண்டாம் நாள், எண்பத்திரண்டில்.
கயிற்றில் கட்டிய புட்டியை இறக்கினேன்.
வந்ததை எழுதப் படிவத்தில் இடம் போதவில்லை:
டீசல், கோழி இறகு, அழுகிய முட்டைக்கோஸ்,
யாரோ கழுவிக் கொட்டிய மீன்தலை.
நிறம் என்ற கட்டத்தில்
'உண்டு' என்று எழுதினேன்.
பூன் கெங் சிரித்தார். அதுவே போதும் என்றார்.

கரைந்த உயிர்வாயு: பூஜ்யம்.
உப்பு: ஏறக்குறைய கடலளவு.

மறுவாரமும் பூஜ்யம். அதற்கடுத்த வாரமும்.
எழுதி எழுதி
என் கையெழுத்தே உருண்டையாகிவிட்டது.

மறு ஆண்டு படகுகள் போயின,
முகப்பில் வரைந்த கண்கள் மூடாமல்,
ஒன்றின் பின் ஒன்றாய்ப் பாசிர் பாஞ்சாங் பக்கம்.
இழப்பீட்டுத் தாளில் கைநாட்டு வைத்த எங் சுவீ லியாட்
கட்டைவிரல் மையை ஆற்றில்தான் கழுவினார்.
"இதையும் எழுதுவாயா?" என்றார் மலாயில்.
அன்று எழுதவில்லை.

பிறகு தோண்டினார்கள். சேறு.
சேற்றுக்குக் கீழே சேறு.
அதற்கும் கீழே ஒரு சைக்கிள், அதற்குள்ளும் சேறு.

ஒரு காலை, எட்டரை மணிக்கு,
ஊசி அசைந்தது.
ஒன்று புள்ளி இரண்டு.
கருவி பழுதென்று வேறொன்றை மாட்டினோம்.
அதுவும் அதையே சொன்னது.
ரொஸ்னானி ஒன்றும் பேசாமல் போய்
ஆறு பேருக்குக் கோப்பி வாங்கி வந்தாள்,
பிளாஸ்டிக் பையில், கயிறு கட்டி.
விழா அவ்வளவுதான்.

ஆற்றை மீட்டோம் என்று
மேடையில் இரண்டே சொல்லில் முடித்துவிடுகிறார்கள்.
எனக்கு அது
நாலு மேலதிகாரிகள், இரண்டு பிள்ளைப்பேறு, ஒரு முழங்கால்.

கிடங்குகள் சாயம் பூசிக்கொண்டன.
அரிசி மூட்டை அடுக்கிய இடத்தில் பியர்.
புட்டியோடு குனிந்தவளிடம்
நண்டுக்கடைப் பையன் மெனுவை நீட்டினான்.
கீழே, கடல் இருந்த இடத்தில் மண்,
மண்மேல் கண்ணாடி.
கருங்கல் படி பதித்துக்கொண்டிருந்த ஒருவர்,
தலைக்கவசத்தில் செல்வமணி, பேராவூரணி என்று
பேனாவால் எழுதியிருந்தவர்,
"அக்கா, இது ஆறா, கடலா?" என்று கேட்டார்.
வேலை முடியட்டும், சொல்கிறேன் என்றேன்.
வேலை முடிந்தது.
அவர் பர்மிட்டும் முடிந்தது.

இரண்டாயிரத்தெட்டில்
முகத்துவாரத்தில் அணைக்கதவு மூடியது.
அன்றைய பௌர்ணமியில் நிலா வந்து
வழக்கம்போல் இழுத்துப் பார்த்தது.
நீர் எழவில்லை.

உப்பு, இருபத்தெட்டு.
மழை.
பத்தொன்பது. மழை, மழை. பதினொன்று.
டிசம்பர் முழுக்க வானம் ஒழுகியது. நாலு.
பிறகொரு புதன்கிழமை
உப்பென்று சொல்ல ஒன்றுமில்லை.
இந்தப் பூஜ்யத்தை மட்டும்
கொஞ்சம் அழகாய் எழுதினேன்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள்.
உள்ளளவே இல்லாத இந்த நீர் யாரை நினைக்கும்?
உப்பிட்ட கடல்
கதவுக்கு அந்தப் பக்கம் நின்று தட்டிக்கொண்டிருக்கிறது.

இப்போதும் போகிறேன், ஓய்வுக்குப் பிந்திய ஒப்பந்தத்தில்.
படியில் நீர்நாய்க் குடும்பம் ஒன்று
தலையிலிருந்து மீனைத் தின்கிறது.
சுற்றி நாற்பது கைபேசிகள்.
என் புட்டி அவற்றின் படத்தில் விழாதபடி
சற்று ஒதுங்கி இறக்குகிறேன்.
நிறம் என்ற கட்டம் இன்னும் இருக்கிறது.
'இல்லை' என்று எழுதக் கை இன்னும் பழகவில்லை.

இரவு, தோ பாயோ வீட்டில் அரிசி களைகிறேன்.
குழாயில் வருவது எந்த நீர்த்தேக்கம் என்று
எனக்கும் தெரியாது. கலந்துதான் வரும்.
மூக்கைப் பொத்திக்கொண்டு நான் குனிந்த நீரில்
ஒரு பங்கு
இந்த விரலிடுக்கில் போகலாம், மணமில்லாமல்.

செல்வமணி, நீங்கள் கேட்டது நினைவிருக்கிறது.
எங் சுவீ லியாட், உங்கள் மையை இதோ எழுதிவிட்டேன்.

உலை கொதிக்கிறது.
கொஞ்சம் உப்பை எடுத்து
அதில் போடுகிறேன்.